தாத்தாவோட கணக்குப்பிள்ளை பெட்டிய கை உளியாலயே திரும்பச் செய்யறேன், மூலை சேர மாட்டேங்குது, தெரிஞ்சவங்க சொல்லுங்க

புதுக்கைஉளி:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்ப மரத்துல கை வச்சதுக்கு அப்புறம் சந்தேகத்துக்கு மேல சந்தேகமா வருது, அதான் எழுதறேன். எங்க தாத்தா தேவகோட்டைப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டுல கணக்கு எழுதினவர். அவர் வச்சு எழுதின சாய்வுப் பெட்டி இப்ப எங்க வீட்டுல இருக்கு. தரையில சம்மணம் போட்டு உக்காந்தா மடிக்கு நேரா வர்ற உயரம், மேல் மூடி சரிவா இருக்கும், திறந்தா பேனா மசிக்கு ஒரு அறை, சில்லறைக்கு நாலு குழி, அதுக்குக் கீழ வெளிய தெரியாம ஒரு சின்ன டிராயர். பர்மா தேக்கு. பிள்ளைங்க நாங்க மூணு பேரு, பெட்டி ஒண்ணுதான். அதனால அதே மாதிரி இன்னொண்ணு, மெஷின் இல்லாம, அந்தக் காலத்துல எப்படி செஞ்சாங்களோ அப்படியே செய்யணும்னு ஆரம்பிச்சேன். எட்டு மாசம் ஆச்சு.

கையில இருக்கறது ரெண்டு இழைப்புளி, நாலு உளி (2 நூல், 4 நூல், 6 நூல், ஒரு இஞ்ச்; எட்டு நூல் சேர்ந்தா ஒரு இஞ்ச்), முதுகுப் பட்டை வச்ச ரம்பம், கொட்டாப்புளி, மூலைமட்டம், எண்ணெய்க்கல். இதுவரைக்கும் மூலை டவ்டெயில் (ஒரு பலகை முனையில புறா வால் மாதிரி விரியற வால், இன்னொண்ணுல அது மாட்டற பல், ரெண்டும் கோத்துக்கற மூட்டு) மூணு தடவை போட்டுட்டேன், மூணு தடவையும் இடுக்குல விசிட்டிங் கார்டு தாராளமா போகுது. ரம்பம் பிடிக்கறதுல தப்பா, கோடு போடறதுல தப்பா, ஒண்ணும் புரியல. பழைய பெட்டியில இடுக்கே தெரியல, அவ்வளவு வருஷம் கழிச்சும்.

தேக்குவைரம்:
தம்பி, மூலைய விடுங்க. பலகைய ரெண்டு நேர்ச்சட்டம் வச்சு முறுக்கு பாத்தீங்களா? பலகையோட ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு நேரான சட்டத்த குறுக்கா வச்சுட்டு, குனிஞ்சு ஒரு கண்ண மூடிப் பாருங்க, முன்னாடி சட்டத்தோட மேல் விளிம்பும் பின்னாடி சட்டத்தோட விளிம்பும் ஒரே கோட்டுல நிக்கணும். ஒரு பக்கம் ஏறியிருந்தா பலகை முறுக்கி இருக்குன்னு அர்த்தம். முறுக்கின பலகையில எவ்வளவு சுத்தமா வெட்டினாலும் மூலை சேராது. நான் 31 வருஷமா மரவேலை செய்யறேன், புதுசா வர்ற பசங்க பத்துல எட்டு பேருக்கு கோளாறு ரம்பத்துல இருக்காது, அதுக்கு முன்னாடி வேலையில இருக்கும். முதல்ல ஒரு முகம் சமம் பண்ணு, அந்த முகத்துக்கு ஒரு விளிம்பு மட்டம் பண்ணு, ரெண்டுலயும் பென்சில்ல ஒரு சுழி போட்டு வை, அப்புறம் எல்லா அளவும் எல்லா கோடும் அந்த ரெண்டு பக்கத்துல இருந்துதான் எடுக்கணும். எதிர்ப்பக்கத்துல மட்டத்த வச்சுக் கோடு போட்டீன்னா அங்கயே போச்சு.

அப்புறம் பென்சில் கோட்டுல அறுக்காதீங்க. கத்தியில கீறுங்க. பென்சில் கோட்டுக்கே தடிமன் இருக்கு, கத்திக் கீறலுக்கு இல்ல, உளி போய் அதுல தானா உக்காரும்.

புதுக்கைஉளி:
அண்ணே ரொம்ப நன்றி. நீங்க சொன்ன மாதிரி ரெண்டு சட்டம் வச்சுப் பாத்தேன். நாலு பலகையில மூணு முறுக்கு. ஒண்ணுல ஒரு முனை அரை நூலுக்கு மேலயே ஏறி இருக்கு. எட்டு மாசம் இதத் தெரியாமயே வெட்டிட்டு இருந்திருக்கேன். இந்த மரம் பழைய வீடு இடிச்ச உத்தரத்துல அறுத்து வாங்கினது, அவ்வளவு பழைய மரம் முறுக்காதுன்னு நெனச்சுட்டேன்.

சுருள்சீவல்:
பழைய மரமும் முறுக்கும். உத்தரமா இருந்தப்ப வெளிப்பக்கம் காஞ்சு உள்பக்கம் ஒரு மாதிரி இறுக்கத்துலயே இருக்கும், பலகையா அறுத்ததும் அந்த இறுக்கம் விடுபடும். அறுத்து வாங்கினதும் சுவத்துல சாய்ச்சு வைக்காம, நடுநடுவுல சின்னச் சின்ன ரீப்பர் குடுத்து, வேலை செய்யற ரூமுலயே ஒரு மாசமாவது படுக்க வைங்க. பழைய மரத்துல இன்னொண்ணு, உள்ள ஆணி முறிஞ்சு புதைஞ்சு இருக்கும். இழைக்கறதுக்கு முன்னாடி நல்ல காந்தத்த எடுத்து பலகை பூரா ஓட்டிடுங்க, இல்லேன்னா ஒரே இழுப்புல அலகு பல்லு போயிடும்.

அப்புறம் தேக்குல மணல் சத்து இருக்கு, சிலிக்கா. கூர் சீக்கிரம் மழுங்குதேன்னு உளிய குறை சொல்லக்கூடாது. நான் தேக்குல வேலை செஞ்சா இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கல்லுல நாலு தேய்ப்பு தேய்ச்சுடுவேன். சாணை 25 டிகிரி, கடைசி கூர் 30 டிகிரி. கையில முடி வழிக்கணும், அந்தக் கூர் இல்லேன்னா டவ்டெயில் அடிமட்டத்துல சுத்தமா நிக்காது, நார் நசுங்கும்.

மலுமிச்சம்பட்டி:
நான் மாத்தி ஒண்ணு சொல்றேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. எங்கப்பா தச்சு வேலை. நிலை, ஜன்னல், கதவு எல்லாம் கையால இழைச்சே எங்கள வளர்த்தாரு. அவருக்கு அம்பது வயசுல வலது தோள் போச்சு, இப்பவும் கைய தலைக்கு மேல தூக்க முடியாது. கடனை வாங்கி மரம் இழைக்கற பிளேனர் மெஷின் வச்ச அன்னிக்கு அம்மா அழுதாங்க, சந்தோஷத்துல. அதனால "கையால செஞ்சாதான் நிஜமான வேலை"ன்னு யாராவது எழுதினா எனக்கு மனசு கஷ்டமா இருக்கு. உங்களுக்கு அது ஞாயித்துக்கிழமை ஆசை. அவருக்கு அது கூலி. பெட்டி செய்ங்க, நல்லா செய்ங்க, ஆனா மெஷின் வாங்கின ஆசாரிய குறைச்சுப் பேசாதீங்க.

தேக்குவைரம்:
மலுமிச்சம்பட்டி, உங்க அப்பாவுக்கு என் வணக்கம். நூத்துக்கு நூறு ஒத்துக்கறேன். நானும் பட்டறையில பிளேனர் வச்சிருக்கேன். என் முதல் அஞ்சு வருஷம் பூரா கனமான பலகைய கையால சமம் பண்ணறதுதான் வேலை, குரு உளியத் தொடவே விடல. அந்த வேலைய மெஷின் எடுத்துக்கிட்டா ஒரு குத்தமும் இல்ல. மூட்டு, சேர்ப்பு, கடைசி இழைப்பு, இது மூணும் கைக்கு வரட்டும்.

ஓக்மரம்:
நான் அமெரிக்காவுல வர்ஜீனியாவுல இருக்கேன், மதுரைக்காரன். இங்க வில்லியம்ஸ்பர்க்ல ஆண்டனி ஹே பட்டறைன்னு ஒண்ணு இருக்கு, 18ஆம் நூற்றாண்டுல மேசை நாற்காலி செஞ்ச இடத்துலயே திரும்பக் கட்டி, அந்தக் காலத்துக் கருவிகள மட்டும் வச்சு இப்பவும் வேலை செய்யறாங்க, யார் வேணும்னாலும் போய் நின்னு பாக்கலாம். நான் அங்க நின்ன மணிக்கணக்கு கொஞ்சநஞ்சமில்ல. அதப் பாத்துட்டுத்தான் நானும் கத்துக்க ஆரம்பிச்சேன், முதல்ல செஞ்சது வால்நட்ல மூணு கால் வச்ச மெழுகுவர்த்தி ஸ்டாண்டு.

மலுமிச்சம்பட்டி சொன்னதுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்துப் பட்டறையிலயும் முதலாளி எல்லாத்தையும் கையால செய்யல. குழிக்கு மேல ஒருத்தர் கீழ ஒருத்தர் நின்னு மரம் அறுக்கறவங்க தனி. வருஷக்கணக்குல பட்டறையிலயே தங்கி தொழில் கத்துக்கற பசங்க முரட்டு வேலைய செய்வாங்க. கடைசல் வேலைக்குப் பல இடத்துல தனி ஆள். உடம்பு தேயற வேலைய யார் மேல போடறதுங்கறது அப்பவும் இருந்த கேள்விதான்.

நான் எழுத வந்தது வேற. புதுக்கைஉளி, பழைய பெட்டிய அளவு எடுத்தீங்க சரி, கவுத்துப் பாத்தீங்களா? இங்க பழைய சாமான் படிக்கறவங்க முதல்ல கையில டார்ச்ச எடுத்துக்கிட்டு மேசைக்கு அடியிலதான் படுப்பாங்க. கண்ணுக்குத் தெரியற முகம் பளபளன்னு இருக்கும், அடிப்பக்கமும் பின்பக்கமும் முரட்டு இழைப்போட அப்படியே விட்டிருப்பாங்க. வெளிய மஹோகனி, டிராயர் உள்ள விலை குறைஞ்ச பைன். முரட்டு இழைப்புளி அலகோட விளிம்பு லேசா வளைஞ்சு இருக்கும், அத நாருக்குக் குறுக்க ஓட்டுவாங்க, அதனால பலகையில ஆழமில்லாத வாய்க்கால் வாய்க்காலா நிக்கும். கண்ணுக்கு சரியாத் தெரியாது, விரல ஓட்டினா தெரியும். எந்த இடத்துல நேரத்தச் செலவு பண்ணணும், எங்க செலவு பண்ண வேண்டாம்னு அந்த அடிப்பலகை சொல்லிடும். போய் விரல ஓட்டிப் பாருங்க.

புதுக்கைஉளி:
அண்ணே இப்ப ராத்திரி பதினொண்ணு, உங்க பதிவப் படிச்சுட்டு பூஜை ரூமுல இருந்து பெட்டிய எடுத்து போர்வை விரிச்சு கவுத்து வச்சேன்.

இருக்கு. விரல் அகலத்துக்கு ஒண்ணரை மடங்கு இருக்கும் ஒவ்வொரு அலையும், பலகைக்குக் குறுக்க, கொஞ்சம் சாய்வா, இடமிருந்து வலமா வரிசையா போகுது. ஒரு இடத்துல முடிச்சு இருக்கு, அங்க மட்டும் திசை மாத்தி எதிர்ப்பக்கத்துல இருந்து ரெண்டு இழுப்பு இழுத்திருக்காரு. சரிவா ஒரு மூலையில கொஞ்சூண்டு அறுப்பு ரம்பத்தோட கோடு கூட அப்படியே நிக்குது, இழைப்புளி அங்க எட்டவே இல்ல, விட்டுட்டாரு. நாப்பது வருஷமா இந்தப் பெட்டியத் தொட்டுட்டு இருக்கேன், அடிய ஒரு தடவை கூடத் தொட்டதில்ல. அந்த ஆசாரி பேரு எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது, ஆனா முடிச்சு வந்ததும் அவர் கை எந்தப்பக்கம் திரும்புச்சுன்னு இப்ப எனக்குத் தெரியும்.

பின்பக்க டவ்டெயில உத்துப் பாத்தேன், முன்பக்கம் மாதிரி ஒரே அளவுல இல்ல, கண்ணளவுல போட்டிருக்காரு, ரம்பம் கோட்டுக்குக் கீழ ஒரு நூல் தாண்டியும் போயிருக்கு. ஆனா இடுக்கு இல்ல. அடிப்பலகைய நான் ஏழு சாயங்காலம் பளிங்கு மாதிரி இழைச்சேன். அந்த நேரத்த மூலையில போட்டிருக்கணும்.

யாழ்_வேம்பு:
உந்த இழையை ரெண்டு நாளா வாசிச்சுக்கொண்டு இருக்கிறன், நல்ல சந்தோசம். நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் இழைப்புளிக்கு சீவுளி எண்டுதான் சொல்லுறது, ரம்பத்துக்கு வாள். நீங்கள் டிராயர் எண்டு சொல்லுறது எங்களுக்கு லாச்சி. அது ஒல்லாந்தர், டச்சுக்காரர், விட்டிட்டுப் போன சொல்லு. 1658 இல அவங்கள் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடிச்சவங்கள், 1796 வரைக்கும் இலங்கையின்ர கரையோரம் அவங்கட கையில. லாச்சி வச்ச அலுமாரி, பெட்டகம், பிரம்பு பின்னின கதிரை எல்லாம் அந்தக் காலத்தில இஞ்சத்தை தச்சரே கருங்காலியிலயும் முதிரை மரத்திலயும் செய்தது. கதிரை, அலுமாரி, மேசை மூண்டும் போர்த்துக்கேயச் சொல்லு. சாமானும் பேரும் ஒண்டாக் கப்பல்ல வந்து இறங்கினது, செய்தது எங்கட ஆக்கள்.

என்ர அம்மப்பா ஓடாவி, தச்சர். முதிரையை சீவுறதெண்டால் அவர் சீவுளி அலகுக்கு மேல இருக்கிற தகட்டை அலகின்ர வாய்க்கு மயிரளவு கிட்டக் கொண்டுபோய் இறுக்குவார். முதிரை நார் ஒரு பக்கம் போய் மற்றப் பக்கம் திரும்பும், எப்பிடிச் சீவினாலும் பிய்யும். தகடு கிட்ட இருந்தால் சீவல் உடனை மடங்கி உடையும், பிய்க்காது. தேக்கில முடிச்சுப் பக்கத்திலயும் இதைச் செய்து பாருங்கோ தம்பி.

ஓக்மரம்:
யாழ்_வேம்பு, அருமை. இதோட சேர்த்து ஒண்ணு சொல்லணும். 17ஆம் நூற்றாண்டுல நம்ம சோழமண்டலக் கரையில கருங்காலியில நாற்காலி செஞ்சு கப்பல் ஏத்தினாங்க, முறுக்குக் கடைசல் கால், முதுகுச் சட்டம் பூரா பூவும் கொடியுமா செதுக்கல். நூறு வருஷம் கழிச்சு இங்கிலாந்துல ஹொரேஸ் வால்போல்ங்கற எழுத்தாளர் அந்த மாதிரி நாற்காலிகளத் தேடித்தேடி வாங்கி ஸ்ட்ராபெரி ஹில்ங்கற தன் வீட்டுல போட்டாரு, அதெல்லாம் அவருக்கும் ரொம்ப முன்னாடி இருந்த ட்யூடர் ராஜா காலத்து இங்கிலீஷ் வேலைன்னு முழுசா நம்பி. அவரப் பாத்து மத்தவங்களும் நம்பினாங்க, ரொம்ப காலம் அப்படியே ஓடிச்சு. செஞ்சவன் பேரும் தெரியல, ஊரும் மறைஞ்சு போச்சு. புதுக்கைஉளி பெட்டி அடியில விரல் ஓட்டினத எழுதினப்ப எனக்கு அந்த நாற்காலிதான் ஞாபகம் வந்துச்சு.

கீழராஜவீதி:
புதுசா ஒரு கேள்வி. நீங்க எல்லாம் பெஞ்சுல வச்சு செய்யறீங்களா தரையில உக்காந்தா? எனக்கு பெஞ்சு வைக்க வீட்டுல இடம் இல்ல.

சுருள்சீவல்:
நான் தரைதான். ஒரு கனமான பலகை, அதுல குறுக்கா ஒரு ரீப்பர் ஆணி அடிச்சு தடுப்பு, அது சுவத்துல முட்டி நிக்கும். பலகைய தடுப்புல முட்டக் குடுத்து இழைக்கலாம். டவ்டெயில் அறுக்கும்போது இடது காலால பலகைய அணைச்சு, பெருவிரலும் பக்கத்து விரலும் வச்சு கவ்விப் பிடிப்பேன், ஒரு மாசம் இடுப்பு வலிச்சுது அப்புறம் பழகிடுச்சு. நம்ம ஊர்ப் பெட்டி பூரா அப்படி உக்காந்து செஞ்சதுதான். உளி வேலை செய்யும்போது மட்டும் கால் உளிக்கு முன்னாடி வரவே கூடாது, இத விளையாட்டா சொல்லல.

புதுக்கைஉளி:
மூணு வாரம் கழிச்சு வர்றேன். நாலு பலகையும் திரும்ப சமம் பண்ணினேன், முடிஞ்சப்ப முக்கால் இஞ்ச் பலகை அஞ்சு நூலா நிக்குது, பரவால்ல. கத்தியில கீறி, வால் பக்கம் முதல்ல அறுத்து, அத பல் பக்கத்து முனை மேல வச்சு அதுல இருந்தே கோடு எடுத்தேன், சரிவு எட்டுக்கு ஒண்ணு. கோட்டுக்கு வெளிய, கழிவுப் பக்கத்துலயே ரம்பத்த ஓட்டினேன். முதல் மூலை கொட்டாப்புளியில நாலு தட்டு தட்டினேன், கடைசித் தட்டுக்கு சத்தம் மாறுச்சு, டொக் டொக்னு இருந்தது டங்குனு ஆச்சு, உள்ள போய் உக்காந்துடுச்சு. கார்டு போகல. நாலு மூலையில மூணு சுத்தம், ஒண்ணுல ஒரு பல்லு பக்கத்துல காகிதம் நுழையற அளவு இருக்கு.

ஆனா மூடி வெடிச்சுருச்சு. பதினாலு இஞ்ச் அகலப் பலகை, வளையக்கூடாதுன்னு ரெண்டு பக்கமும் குறுக்குச் சட்டம் வச்சு பசை போட்டு திருகாணியும் போட்டேன். மே வெயிலுக்கு ராத்திரி படார்னு சத்தம். காலையில பாத்தா நடுவுல முக்கால் அடி நீளத்துக்கு விரிசல்.

தேக்குவைரம்:
குறுக்குச் சட்டத்துக்கு பசை போட்டா வெடிக்கத்தான் செய்யும் தம்பி. மரம் நீளத்துல சுருங்காது, அகலத்துல சுருங்கும். நீங்க பலகையோட அகலத்த சட்டத்தோட நீளத்துல கட்டிப் போட்டீங்க, பலகை சுருங்கப் பாத்துச்சு, சட்டம் விடல, பலகை கிழிஞ்சுது. தேக்கு மத்த மரத்த விட கம்மியாத்தான் ஆடும், ஆனாலும் பதினாலு இஞ்சுக்கு ஆடும். அதுலயும் மரத்தோட வருஷ வளையத்தோட போக்குல சுருங்கறது, மரத்தோட நடுவுல இருந்து வெளிய போற திசையில சுருங்கறத விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. உங்க தாத்தா பெட்டி மூடிய பாத்து சொல்லுங்க, எப்படி இருக்கு?

புதுக்கைஉளி:
பாத்தேன். ரெண்டு முனையிலயும் சட்டம் இருக்கு, பலகை முனையில நாக்கு எடுத்து சட்டத்துல காடி, அதாவது நீளப் பள்ளம், போட்டு சேர்த்திருக்கு. மூணு மூங்கில் ஆணி. நடு ஆணி இறுக்கமா இருக்கு, ஓரத்து ரெண்டும் லேசா ஆடுது, இத்தனை நாளா அது தேஞ்சு போய் ஆடுதுன்னு நெனச்சேன். இப்ப ஊசி விட்டுப் பாத்தேன், நாக்குல துளை வட்டமா இல்ல, அகலத்துப் பக்கம் நீட்டி வெட்டியிருக்காரு. பலகை ஓடட்டும்னு இடம் விட்டிருக்காரு.

தேக்குவைரம்:
அதேதான். பசை போடணும்னா நடுவுல ரெண்டு விரல் அகலத்துக்கு மட்டும். தேக்குல எண்ணெய் இருக்கும், பசை போடற இடத்த முன்னாடியே ஸ்பிரிட்ல துடைச்சுடுங்க. பழைய முறையில வச்சிரப் பசை (மாட்டுத் தோல், எலும்புல எடுக்கற பசை) காய்ச்சிப் போட்டா இன்னும் நல்லது, நாளைக்கு யாராவது ரிப்பேர் பண்ணணும்னா சூடும் ஈரமும் குடுத்தா விட்டுக் குடுக்கும். தண்ணிச் சட்டியில வச்சு சூடு பண்ணுங்க, கொதிக்க விட்டா பசை பலம் போயிடும்.

மலுமிச்சம்பட்டி:
இந்த இழைய எங்கப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். ஓரத்து ஆணித் துளைய நீட்டி வெட்டியிருக்குங்கற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி திரும்ப வாசிக்கச் சொன்னாரு. "அவன் நல்ல வேலைக்காரன்"னாரு. பாலிஷ் பத்தி உங்களுக்கு ஒண்ணு சொல்லச் சொன்னாரு: உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, கூரான இழைப்புளியோட நிறுத்திக்கங்க, பிய்ஞ்ச இடத்த மட்டும் உடைஞ்ச கண்ணாடித் துண்டால சுரண்டுங்க. அரக்க ஸ்பிரிட்ல ஊற வச்சு, பஞ்ச வெள்ளத் துணியில பொட்டணமா கட்டி, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு வட்ட வட்டமா. ஒரு நாளைக்கு ரெண்டு கைக்கு மேல போடக்கூடாது. பொட்டணத்த ஒரே இடத்துல நிறுத்தவே கூடாது, நிறுத்தினா அடிக்கோட்டு அரக்கு பிடிச்சு இழுத்துடும்.

புதுக்கைஉளி:
அப்பாவுக்கு என் நமஸ்காரம் சொல்லுங்க, அவர் சொன்னபடியே செஞ்சேன். பதினோரு நாள் ஆச்சு. பழைய பெட்டிய பக்கத்துல வச்சா நிறம் மட்டும்தான் வேற, அது கறுத்த தேன், இது இளசு.

கடைசியா அந்த ரகசிய டிராயர். முதல்ல போகவே இல்ல. பக்கத்துல மெழுகு தடவி, தள்ளி, எடுத்து, எங்க பளபளப்பு ஏறியிருக்கோ அந்த இடத்துல மட்டும் ஒரு சீவல் எடுத்து, திரும்பத் தள்ளி, இப்படியே ரெண்டு சாயங்காலம் போச்சு. நேத்து தள்ளினேன், பாதி வரைக்கும் போச்சு, அதுக்கப்புறம் உள்ள இருந்த காத்து எதிர்த்துத் தள்ளி மெதுவா ஸ்ஸ்ஸ்னு வெளியேறி தானா போய் உக்காந்துச்சு. எங்க அம்மா சமையல்கட்டுல இருந்து வந்து நின்னு பாத்தாங்க. பழைய பெட்டி டிராயர தாத்தா மூடும்போது இதே சத்தம் வரும்னாங்க, அது இப்ப தேஞ்சு போச்சு, சத்தம் வர்றதில்ல.

கீல் பித்தளையில வேணும், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடையில ஒரு ஜோடி பாத்து வச்சிருக்கேன். கீல் உக்கார்ற பள்ளத்த உளியால எடுக்கும்போது மூடிப் பக்கம் முதல்லயா, பெட்டிப் பக்கம் முதல்லயா? பழசுல ரெண்டு பக்கமும் சம ஆழம் இல்ல, பெட்டிப் பக்கம் கொஞ்சம் கூட இருக்கு.

தேக்குவைரம்:
பெட்டிப் பக்கம் முதல்ல. கீல அதுல உக்கார வச்சு, மூடிய அது மேல வச்சு கத்தியில கீறுங்க, அளவு எடுக்காதீங்க. ஆழம் பழசுல எப்படி இருக்கோ அப்படியே வைங்க.